யாரோடு பேசினாலும் அவர்களைப் போலவே ஆகிவிடுகிறேன்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 34. கணவர், எட்டு வயதில் ஒரு மகள். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். யாரோடு இருக்கிறேனோ அவர்களைப் போலவே ஆகிவிடுகிறேன் என்பதுதான் என் பிரச்சினை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் வேலையை வெறுத்துப் பேசினால் எனக்கும் அன்றைக்கு வேலை வெறுத்துவிடும். சில மாதங்களுக்கு முன் அவர் வேலையை விட்டபோது நானும் ராஜினாமா கடிதம் தயார் செய்துவிட்டேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து இன்னொருவர் "இந்தக் காலத்தில் இப்படி ஒரு வேலை கிடைக்குமா?" என்றதும் அதை அழித்துவிட்டேன். கல்லூரித் தோழி ஒருத்தி தன் கணவரைப் பற்றிப் போனில் அழுவாள். அன்று இரவு நான் என் கணவரோடு சண்டை போடுவேன். அவர் ஒன்றுமே செய்திருக்க மாட்டார். யாராவது ஒரு வகுப்பில் சேர்ந்தால் நானும் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிடுவேன். மற்றவர் பேசும் பாணிகூட இரண்டே நாளில் எனக்கு ஒட்டிக்கொள்ளும். கூட்டமும் சத்தமுமாக இருக்கும் இடத்துக்குப் போய்வந்தால் வெகுநேரம் படபடப்பாகவே இருக்கும். சின்ன வயதிலிருந்து அம்மா என்னை "எடுப்பார் கைப்பிள்ளை" என்பார். இப்போது கணவரும் அதையே சொல்கிறார். எனக்கென்று ஒரு மனசே இல்லையா? இது ஏதாவது மனநோயா? என் மகளும் தோழிகள் சொல்வதையே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறாள். அவளும் என்னைப் போல ஆகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு மற்றதைப் படிப்பது கஷ்டம். அதனால் முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் எதுவும் ஒரு நோயைக் காட்டவில்லை. வேலைக்குப் போகிறீர்கள், வீட்டைக் கவனிக்கிறீர்கள், கணவர் மேல் தவறில்லை என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். பிறர் சொல்லுக்கும் சூழலுக்கும் சுலபமாக வளைந்து கொடுப்பது மனிதர்கள் எல்லோருக்கும் உள்ள சுபாவம்தான். ஆளுக்கு ஆள் அளவு மாறும், உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல். எந்த நிலையில் ஒருவரை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது, "எனக்கென்று ஒரு மனசே இல்லையா?" என்ற கேள்வி. அந்த ராஜினாமா கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிவிட்டீர்கள், ஆனால் ஒரு வாரம் ஆகியும் அனுப்பவில்லை. அந்த ஒரு வாரமும் அதைப் பிடித்து வைத்திருந்தது யார்? வேலையை விட்டவர் இல்லை. கணவருக்கு அப்படி ஒரு கடிதம் இருப்பதே தெரியாது. "இப்படி ஒரு வேலை கிடைக்குமா" என்றவர் அதுவரை வாயே திறக்கவில்லை. பிடித்து வைத்திருந்தது நீங்கள்தான். உங்களுக்கென்று ஒரு கருத்து இருக்கிறது, ஆனால் அது மெதுவாக வருகிறது. மற்றவர்களின் கருத்து வேகமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறது. இந்த வரிசையைத்தான் மாற்ற வேண்டும். யார் பேச்சும் காதில் விழாத ஆளாக நீங்கள் மாறத் தேவையில்லை, அப்படி மாறவும் முடியாது.

உங்கள் கடிதத்தில் வேறு வேறான சில விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. தோழியின் கோபம் உங்களுக்கு வருவது ஒன்று. வேலை விஷயத்தில் கருத்து மாறிக்கொண்டே இருப்பது இன்னொன்று. வகுப்பில் சேர்ந்துவிடுவது பெரும்பாலும் மூன்றாவது வகை. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

தோழியின் போனிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் வீட்டில் அதிகமாக வலிப்பது அதுதான் என்று படுகிறது. அவர் அழுகிறார். நீங்கள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் உங்கள் "ம்" அவருடைய மூச்சின் வேகத்துக்கு வந்துவிடும். அவர் குரல் உயரும்போது உங்கள் புருவம் சுருங்கும், தாடை இறுகும், போனைப் பிடித்திருக்கும் விரல்களில் அழுத்தம் கூடும். நீங்கள் இதை வேண்டுமென்று செய்வதில்லை, செய்கிறோம் என்றே தெரியாது. பேசி முடித்துப் போனை வைக்கிறீர்கள். உடம்பு மட்டும் இன்னும் அதே இறுக்கத்தில் இருக்கிறது. அப்போது கணவர் வந்து, "சார்ஜரைப் பார்த்தாயா?" என்று கேட்கிறார். "எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டுமா?" என்று பதில் வருகிறது. அங்கிருந்து சண்டை.

எலைன் ஹாட்ஃபீல்ட், ஜான் கச்சியோப்போ, ரிச்சர்ட் ராப்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் இதை உணர்வுத் தொற்று என்று விளக்கினார்கள். எதிரில் இருப்பவரின் முகபாவம், குரல், உடம்பை வைத்திருக்கும் விதம் ஆகியவற்றை நாம் அறியாமலே நகலெடுக்கிறோம். உடம்பு அந்த நிலைக்கு வந்ததும் அதற்கேற்ற உணர்வும் பின்னாலேயே வந்துவிடுகிறது. மற்றவர் பேசும் பாணி உங்களுக்கு ஒட்டிக்கொள்வதும் இதன் இன்னொரு பக்கம்தான். மற்றவரை உன்னிப்பாகக் கவனிப்பவர்களுக்கு இது கூடுதலாக நடக்கும். தோழி இத்தனை பேர் இருக்க உங்களைத் தேடிப் போன் செய்வதற்கும் அந்தக் கவனிப்புதான் காரணமாக இருக்கும். ஆகவே இதைக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள்.

ஆனால் உணர்வு வந்துவிட்டால் மனம் அதற்கு ஒரு காரணம் தேடும். கோபம் இருக்கிறது, கோபத்துக்குரிய ஆள் எங்கோ தொலைவில் இருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் அந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார். அதனால் போனை வைத்ததும் நேராகக் கணவர் இருக்கும் அறைக்குப் போகாதீர்கள். முகம் கழுவுங்கள். தாடையையும் தோளையும் தளர்த்துங்கள். கொஞ்சம் நடங்கள். "இது அவளுடைய கோபம்" என்று வாய்விட்டே சொல்லுங்கள். இப்படிப் பெயர் வைத்துச் சொல்வது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் உணர்வின் சூடு குறைய அது நிஜமாகவே உதவும். அப்புறம் உங்களையே ஒன்று கேளுங்கள்: இந்தப் போன் வருவதற்கு முன்னால் எனக்கு இவர் மேல் ஏதாவது கோபம் இருந்ததா?

பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். சில நாள் "இருந்தது" என்றும் வரலாம். அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்களைப் போன்றவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது: தன் உணர்வுகள் எல்லாமே இரவல் என்று முடிவு கட்டிவிட்டு, சொந்தக் குறையையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். தோழியின் பேச்சு உங்களுக்குள் ஏற்கெனவே கிடந்த ஒரு வருத்தத்தைத் தட்டி எழுப்பியிருக்கலாம். அப்படி இருந்தால் அது பேசப்பட வேண்டிய விஷயம். அன்று இரவே, தோழியின் சூட்டோடு பேச வேண்டாம். மறுநாள், உங்கள் வார்த்தையில் பேசுங்கள்.

சரி, இனி வேலை விஷயம். 1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த ஒரு சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஒரு அறையில் சிலரை வரிசையாக உட்கார வைத்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் நீளம் வேறுபட்ட மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் அளவு என்று ஒவ்வொருவராக உரக்கச் சொல்ல வேண்டும். கண்ணுள்ள எவருக்கும் தெரிகிற விடை. தனியாக விட்டால் 100-க்கு ஒரு விடைகூடத் தவறாது. ஆனால் அந்த அறையில் ஒரே ஒருவர்தான் உண்மையில் சோதிக்கப்படுபவர். மற்றவர்கள் எல்லோரும் ஆஷ் ஏற்கெனவே பேசி வைத்த ஆட்கள். 18 சுற்றுகளில் 12-ல் அவர்கள் அத்தனை பேரும் ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். நம் ஆள் கடைசியிலோ, கடைசிக்கு முந்தியோ உட்கார்ந்திருப்பார். தன் முறை வருவதற்குள் ஐந்தாறு பேர் உறுதியான குரலில் வேறொன்றைச் சொல்லிவிட்டிருப்பார்கள்.

அந்தச் சுற்றுகளில் கிடைத்த விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கூட்டத்தோடு சேர்ந்து சொன்ன தவறான விடை. நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தின் பக்கம் சாய்ந்தார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இந்த நிலை. வேலையை விடலாமா வேண்டாமா என்பதற்குக் கோடும் இல்லை, அட்டையும் இல்லை. ஆகவே நீங்கள் சாய்ந்ததில் வியப்பு எதுவும் இல்லை. சோதனை முடிந்தபின் ஆஷ் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். சாய்ந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் கோடே அப்படித் தெரிந்தது. பலர், இத்தனை பேர் சொல்லும்போது தங்களிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தார்கள். சிலர் தாங்கள் சரி என்று தெரிந்தே, தனித்துத் தெரியக் கூசி ஒத்துப்போயிருந்தார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அவர் சோதனையை மாற்றி மாற்றிச் செய்தபோது தெரிய வந்தவை. விடையை உரக்கச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோது சாய்வது நன்றாகக் குறைந்தது. கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான விடையைச் சொன்னால் போதும், தவறுகள் நான்கில் ஒரு பங்காக இறங்கின. அந்த ஒருவர் சரியாகச் சொல்லக்கூட வேண்டியதில்லை, கூட்டத்திலிருந்து விலகி வேறு எதையாவது சொன்னாலே இவருடைய நாக்குக் கட்டு கொஞ்சம் அவிழ்ந்தது. சோதிக்கப்பட்டவர்கள் எல்லா முறையும் அதே மாதிரி மனிதர்கள்தான். சுற்றியிருந்த ஏற்பாடு மாறியதும் அவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். சுபாவத்தை உடனே மாற்ற முடியாது, ஏற்பாட்டை இன்றைக்கே மாற்றலாம்.

முதல் ஏற்பாடு, கேட்பதற்கு முன் எழுதுவது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள், போனில் வேண்டாம். முடிவெடுக்க வேண்டிய விஷயம் எதுவானாலும், யாரிடமும் வாய் திறப்பதற்கு முன் உங்கள் கருத்தைத் தேதி போட்டு அதில் எழுதிவிடுங்கள். அழகாக எழுத வேண்டாம். "வேலையை விட வேண்டாம் என்று தோன்றுகிறது. காரணம்: மகளின் பள்ளி நேரத்துக்கு இது ஒத்துவருகிறது. எரிச்சலாக இருப்பது: மாதக் கடைசி வேலைப்பளு. இன்னும் தெரியாதது: வேறு இடத்தில் எனக்கு என்ன வேலை கிடைக்கும்?" இந்த அளவு போதும். அப்புறம் தாராளமாக நாலு பேரைக் கேளுங்கள். அவர்கள் சொன்னபின் உங்கள் எண்ணம் மாறினால், எதனால் மாறியது என்று கீழே ஒரு வரி. புதிதாக ஒரு தகவல் கிடைத்து மாறினால் அது நல்ல மாற்றம், கேட்டதன் பலனே அதுதான். அவர் அழுத்திச் சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள் என்பதைத் தவிர எழுத ஒன்றும் இல்லையென்றால், பழைய வரியே இருக்கட்டும்.

எழுத உட்கார்ந்தால் எழுத ஒன்றுமே வரவில்லை என்று சிலர் சொல்வார்கள். உங்களுக்கும் முதலில் அப்படி இருக்கலாம். அதுவும் ஒரு தகவல்தான். முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 1935-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். இருட்டறையில் அசையாத ஒரு வெளிச்சப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகர்வது போல் தோன்றும். எவ்வளவு நகர்ந்தது என்று தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். சேர்ந்து உட்கார வைத்ததும் எல்லோரும் மெல்ல மெல்ல ஒரே அளவுக்கு வந்தார்கள். பிறகு தனியாக விட்டபோதும் அந்தக் கூட்டத்து அளவையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். நமக்குப் பிடிமானம் இல்லாத இடத்தில்தான் மற்றவர் சொல் அளவுகோலாகிவிடுகிறது. நீங்களும் எல்லாவற்றிலும் சாய்வதில்லை. கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். ஒரு கணக்கு இடிக்கிறது என்றால் பத்துப் பேர் "சரியாகத்தான் இருக்கிறது" என்றாலும் நீங்கள் விடமாட்டீர்கள் இல்லையா? அங்கே உங்களிடம் அளவுகோல் இருக்கிறது. வேலை, பணம், நேரம், உறவு ஆகியவற்றில் உங்களுக்கு எது முக்கியம், எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று இதுவரை உட்கார்ந்து யோசித்ததில்லை போலிருக்கிறது. அதை எழுதி எழுதித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது ஏற்பாடு, மாற்றுக் குரலுக்கு ஒரு ஆள். எல்லோரும் ஒரே பக்கம் பேசும்போது, அந்தக் கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் "இதில் என்ன தப்பாகப் போகலாம்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு நடப்பதற்காக இதைச் சொல்லவில்லை, இன்னொரு வழியும் இருக்கிறது என்று காதில் விழுவதற்காகச் சொல்கிறேன்.

இனி அந்த வகுப்புகள். 1955-ல் மோர்ட்டன் டாய்ச், ஹரால்ட் ஜெரார்ட் என்ற இருவர், பிறர் பக்கம் நம்மைச் சாய்க்கும் இழுப்புகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். சரியாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் ஒன்று, பிறருக்குப் பிடித்தமானவராக இருக்க வேண்டும் என்ற விருப்பம் இன்னொன்று. வேலை விஷயத்தில் உங்களை இழுத்தது முதலாவது. வகுப்பில் சேர வைத்தது இரண்டாவதாக இருக்கலாம். சோதித்துப் பார்க்க ஒரு வழி: நான் இதில் சேர்ந்தது யாருக்குமே தெரியாது, சேராததும் தெரியாது என்றால் சேர்வேனா? இல்லை என்றால் நீங்கள் அந்த வகுப்பை வாங்கவில்லை, கேட்டவரின் முகம் வாடாமல் இருப்பதை வாங்கியிருக்கிறீர்கள்.

இதற்கு நோட்டுப் புத்தகம் உதவாது, அந்த நேரத்தில் அது கையில் இருக்காது. ஒரு வாக்கியம் தயாராக இருக்க வேண்டும்: "யோசித்து நாளைக்குச் சொல்கிறேன்." இதை வீட்டில் தனியாக, சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுவது, "இனி உறுதியாக இருப்பேன்" என்று பொதுவாகத் தீர்மானிப்பதைவிட, "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று நேரத்தையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது நன்றாக வேலை செய்கிறது. ஆகவே உங்கள் தீர்மானம் இப்படி இருக்கட்டும்: யாராவது என்னை எதிலாவது சேரவோ, பணம் கட்டவோ, கையெழுத்துப் போடவோ கேட்டால், நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். விதிவிலக்கு வேண்டாம். "இன்றைக்கே சேர்ந்தால்தான்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் இதைக் கூடுதல் உறுதியோடு சொல்லுங்கள். அவசரம் உங்களுக்கு எப்போதும் பாதகமானது, ஏனென்றால் உங்கள் சொந்தக் கருத்து வந்து சேர நேரம் எடுக்கும்.

முதல் சில முறை இதைச் சொல்லும்போது நெஞ்சு படபடக்கும். தப்புச் செய்கிறோம் என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். இதைப் பற்றி உங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க விரும்புகிறேன், பலர் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். 2005-ல் கிரெகரி பெர்ன்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, கூட்டத்தோடு ஒத்துப்போகாமல் நின்றவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, பயம் போன்ற கனமான உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி கூடுதலாக இயங்கியது. அவர்கள் சரியான விடையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படபடப்பு வருவது கூட்டத்திலிருந்து விலகியதால், உங்கள் முடிவு தவறு என்பதால் அல்ல. சில முறை அதைத் தாங்கிவிட்டால் அதன் வேகம் குறையும்.

"எடுப்பார் கைப்பிள்ளை" என்ற சொல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும். அம்மா சொன்னார், இப்போது கணவர் சொல்கிறார். ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். அம்மாவின் பேச்சைத் தட்டாமல் கேட்டபோது, கணவர் சொன்னதற்கு உடனே சரி என்றபோது, அந்தச் சொல் வந்ததா? வேறு யாரோ சொன்னதைக் கேட்டபோதுதானே வந்தது? அவர்களுக்குக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வீட்டில் சொல்வதற்குச் சாய்ந்தால் நல்ல பிள்ளை, வெளியில் சொல்வதற்குச் சாய்ந்தால் புத்தியில்லாதவள் என்று வளர்ந்த பெண்ணுக்குச் சொந்தமாக முடிவெடுக்கப் பழக வாய்ப்பே கிடைத்திருக்காது. உங்கள் வீடு அப்படி இருந்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும். பெரியவர் ஒருவரின் முகம் மாறினால் வீடே கலங்கும் என்ற நிலையில் வளர்ந்த குழந்தைகள் முகம் பார்த்து நடக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அப்போது அது அவர்களைக் காப்பாற்றியது, வளர்ந்தபின் அதே பழக்கம் சுமையாகிறது.

ஆகவே உங்கள் பயிற்சி வீட்டிலும் நடக்க வேண்டும். கணவரிடம் ஒரு நல்ல வேளை பார்த்து, "நான் இப்போது எதற்கும் உடனே பதில் சொல்லாமல் இருக்கப் பழகுகிறேன், நீங்கள் கேட்பதற்கும் சேர்த்துத்தான்" என்று சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் நலனை விரும்புகிறவர் என்றால் முதலில் கொஞ்சம் சிரமப்பட்டாலும் இடம் கொடுப்பார். பெரிய விஷயத்தில் ஆரம்பிக்காதீர்கள். விடுமுறை நாளில் எங்கே போவது, எந்த நிறத்தில் வாங்குவது என்று யாருக்கும் நஷ்டமில்லாத இடங்களில் "உங்கள் இஷ்டம்" என்பதை நிறுத்திவிட்டு உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள். பிறகு அதை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, சொன்னபின் விட்டுக்கொடுங்கள்.

கூட்டமும் சத்தமும் தரும் படபடப்பு பெரும்பாலும் களைப்பு சம்பந்தப்பட்டது. சிலருடைய புலன்கள் மற்றவர்களுடையதைவிடக் கூர்மையானவை, அவர்களுக்கு ஓய்வு கூடுதலாகத் தேவை. தூக்கம் கெட்ட நாளில், பசியில், நீண்ட கூட்டத்தின் முடிவில் யாருக்கும் எதிர்ப்புத் தெம்பு குறைவாகத்தான் இருக்கும். அந்த நேரங்களில் முடிவு எடுக்காதீர்கள், அது போதும். போனில் பிறர் வாழ்க்கையை மணிக்கணக்கில் பார்ப்பதும் உங்களுக்கு ஒரு கூட்டத்தில் நின்றது போலத்தான், அதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

இதைக் கேட்டுவிட்டு உங்களிடம் யாராவது "எல்லோரையும் ஒதுக்கிவிடு, தனியாக இரு" என்று சொல்லக்கூடும். வேண்டாம். சுலபமாகச் சாய்கிறவருக்கு நல்ல துணை பெரிய பலம். நிதானமாகப் பேசுகிற, எடுத்ததை முடிக்கிற, நீங்கள் மறுத்தாலும் முகம் திருப்பாத மனிதர்கள் உங்களைச் சுற்றி இருப்பார்கள். அவர்களோடு இருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். அவர்களுடைய நிதானமும் உங்களுக்கு ஒட்டிக்கொள்ளும், கோபம் ஒட்டிக்கொள்வதைப் போலவே. இந்தப் பதிலையும் நான் சொன்னேன் என்பதற்காக அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாள் செய்து பாருங்கள், உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தாததை விட்டுவிடுங்கள்.

எப்போது நேரில் ஒரு மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வேண்டும்? அன்றாடச் சின்ன முடிவுகூட யாராவது உறுதி சொல்லாமல் எடுக்க முடியவில்லை, தனியாக விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் உங்களுக்குக் கேடு செய்வதற்கும் சம்மதிக்கிறீர்கள், உள்ளே எதுவுமே இல்லை என்ற வெறுமை வாரக்கணக்கில் நீடிக்கிறது, தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் விருப்பமில்லாமல் போகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே போக வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் உங்களை மிரட்டியோ, பணத்தைக் கட்டுப்படுத்தியோ, மற்றவர்களோடு பழகவிடாமல் செய்தோ தன் சொல்லைக் கேட்க வைக்கிறார் என்றால், அது உங்கள் சுபாவத்தின் பிரச்சினையே அல்ல. அங்கே நோட்டுப் புத்தகமும் பயிற்சியும் பேசிப் பயனில்லை, வெளியிலிருந்து உதவி தேட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, இதைப் படிக்கும் வேறொருவருக்குத் தேவைப்படலாம் என்பதால் சொல்கிறேன்.

கடைசியாக உங்கள் மகள். எட்டு வயதில் தோழிகள் சொல்வது வேதவாக்காக இருப்பது அந்த வயதுக்கு இயல்பு. லாரன்ஸ் ஸ்டைன்பெர்க், கேத்ரின் மோனஹன் ஆகியோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சகாக்களின் பேச்சுக்கு மசியாமல் நிற்கும் திறன் 14 வயதிலிருந்து 18 வயதுக்குள்தான் சீராக வளர்கிறது. அவளுக்கு இன்னும் நிறைய காலம் இருக்கிறது. நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று: உங்களுக்கு வைத்த பெயரை அவளுக்கு வைக்காதீர்கள், விளையாட்டுக்குக்கூட. "அவள் கிணற்றில் குதித்தால் நீயும் குதிப்பாயா?" என்ற பேச்சும் வேண்டாம், அந்தக் கேள்விக்கு எந்தக் குழந்தையும் யோசித்துப் பதில் சொன்னதில்லை.

அவள், "என் ஃபிரண்டு இப்படிச் சொன்னாள்" என்று வந்தால், தோழியைக் குறை சொல்லாமல் "சரி, உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "தெரியல" என்றால், "யோசித்து நாளைக்குச் சொல்" என்று விட்டுவிடுங்கள். நீங்கள் போனில் யாரிடமாவது அதே வாக்கியத்தைச் சொல்வதும் அவள் காதில் விழட்டும். அவள் உங்களிடமே "எனக்கு இது வேண்டாம்மா" என்று சொல்லும் நாள் வரும். சின்ன விஷயமாக இருந்தால், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அவள் சொன்னபடியே செய்துவிடுங்கள். அம்மாவிடம் மறுத்துப் பேசியும் அம்மாவின் அன்பு குறையவில்லை என்று பார்த்த குழந்தைக்குத் தோழியிடம் மறுப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.